பங்குனி வெயிலில் புடவைப் போர்வையும் கொல்லைத் தோட்டமும் ஒரே நாளில் நடக்குமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பாட்டியின் நூல் புடவைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. வசந்தம் பிறந்ததும் காலை முழுக்கத் தோட்டத்தில் விதை போட்டுவிட்டு, மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டுத்துணிப் போர்வை தைக்கிற வெளிநாட்டுப் பெண்களின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்கள். பங்குனியில் ஒரு நாள் வீட்டிலேயே இருந்து அதே மாதிரி இரண்டையும் தொடங்கலாமா, தக்காளியும் கேரட்டும் போடலாமா, போர்வைக்குள் பஞ்சு வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் காதில் விழுந்த கேள்வி வேறு: அந்த ஊர் வசந்தத்தை நம் ஊர் வெயிலோடு எப்படிப் பொருத்துவது? அதற்குத்தான் இந்தப் பதில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தோட்டக்கலை படித்து, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். செடியைப் பற்றி நான் சொல்வது படித்ததும் பார்த்ததும். தையல் அப்படியில்லை. மாமியார் கையைப் பார்த்துக் கற்று, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தைத்துத் தைத்துப் பழகியது. ஆகவே தையல் விஷயத்தில் உங்கள் தெருவில் வயதான ஓர் அத்தை வேறு மாதிரி சொன்னால், அவர் தைத்ததை வாங்கிப் பாருங்கள். துவைத்துத் துவைத்தும் சுருங்காமல் இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் பருவம். குளிர் நாடுகளில் மார்ச், ஏப்ரல் என்பது உறைந்த மண் இளகி, பகல் நீண்டு, தோட்டம் ஆரம்பிக்கிற நேரம். அங்கே அதுவரை இல்லாமல் இருந்தது சூடு. மண்ணில் ஈரம் இருக்கும். நமக்கு நேர்மாறு. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். பங்குனி பிறக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் நின்று ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். மழையும் அப்படித்தான்: நமக்குக் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். மார்ச், வருஷத்திலேயே வறண்ட மாதங்களில் ஒன்று. உங்கள் ஊர் வயலைப் போய்ப் பாருங்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நின்ற பயிருக்குள்ளேயே தூவிய உளுந்தும் பயறும், மண்ணில் மிச்சமிருந்த ஈரத்தையும் பனியையும் வைத்தே காய்த்து, பிடுங்குகிற பதத்துக்கு வந்திருக்கும். பம்புசெட் இருப்பவர்கள் போடும் பருத்தி, எள் போன்றவை தவிர, இந்த நேரத்தில் புதிதாக எதையும் பெரும்பாலும் யாரும் தொடங்குவதில்லை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று சொல்லி வைத்தவர்கள் பங்குனிக்கு அப்படி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

ஆனால் மரங்களைக் கேட்டால் இதுதான் வசந்தம் என்னும். வேம்பு பழைய இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்த்துப் பூக்கும்; புங்கமும் அதை ஒட்டியே. மாவில் வடு தொங்கும். முருங்கையில் பூவும் பிஞ்சும் ஒன்றாக நிற்கும். கார்த்திகையில் கவாத்துச் செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட, குண்டுமல்லி இப்போதுதான் மொட்டுக் கட்டத் தொடங்கும். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை எட்டுகிற வேர் உள்ளவற்றுக்குக் கொண்டாட்டம். நாலு விரல் ஆழத்தில் வேர் விடுகிற காய்கறிக்குத் திண்டாட்டம். உங்கள் தோட்ட வேலையை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பிரித்துக்கொள்ளலாம். இப்போதைக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றுவதும் பறிப்பதும்தான். விதைப்பது கொஞ்சம் போதும்.

அந்த நாளின் அட்டவணையையும் வெயில்தான் போடும். வீடியோவில் வரும் பெண்கள் காலை பத்து மணிக்கு மேல் தோட்டத்தில் இறங்குகிறார்கள், அப்போதுதான் அங்கே வெளியே நிற்க முடியும். நம் ஊரில் பத்து மணிக்குக் கொல்லையில் நட்ட நாற்று பன்னிரண்டுக்குத் தலை சாய்ந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். பங்குனிக் கடைசியிலேயே சுவர் நிழல் என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கும். ஆகவே விடிந்ததிலிருந்து எட்டரை வரை தோட்டம். பிறகு துணி அலசி உலர்த்துவது. வெயில் துணியைக் காயவைக்கிற நேரம் சமையல், சாப்பாடு. பதினொன்றிலிருந்து நாலரை வரை தாழ்வாரத்திலோ கூடத்திலோ தையல். வெயில் தணிந்ததும் மறுபடி தோட்டம். இந்த வரிசையை மாற்றினால் செடியும் கெடும், உங்களுக்கும் தலைவலி வரும். இன்னொன்று, நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜகோபால சுவாமி கோயில் பங்குனித் திருவிழாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 18 நாள் உற்சவம். அதில் வெண்ணெய்த்தாழியன்று வீட்டில் உட்கார்ந்து ஊசி பிடிக்க ஊர் உங்களை விடாது.

துணி வேலை முந்தின நாள் ராத்திரியே ஆரம்பிக்கிறது. பெட்டியைத் திறந்ததும் பட்டு, பட்டு கலந்தது, நூல் என்று பிரித்துவிடுங்கள். இந்தப் பக்கத்துப் பெட்டி என்றால் மாயவரம் கூறைநாட்டுப் புடவை ஒன்றாவது இருக்கக்கூடும். அதில் பட்டும் நூலும் கலந்திருக்கும். அதையும் பட்டையும் இந்தத் தடவை தொடாதீர்கள். பட்டும் பருத்தியும் ஒரே மாதிரி சுருங்காது, ஒரே மாதிரி துவைக்கவும் முடியாது. பழைய ஜரிகை அசலாக இருந்தால் அதில் வெள்ளி இருக்கும், கத்திரிக்கோல் வைப்பதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. மிஞ்சுகிற நூல் புடவைகளில் ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. குதிகால் உரசுகிற கீழ்க்கரை ஓரம், இடுப்பில் செருகுகிற இடம், தோளில் பின் குத்துகிற இடம், இந்த மூன்றும் முதலில் போகும். உள்சுற்று முனையில் மட்டும் சாயம் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கும், வெயில் படாததால். சந்தேகம் வந்த இடத்தில் இரண்டு கட்டைவிரல்களையும் ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் அழுத்தி இழுங்கள். இழை விலகி 'சர்'ரென்று சத்தம் வந்தால் அந்தப் புடவை போர்வையின் வெளிப்புறத்துக்கு ஆகாது. உள்ளடுக்கில் வைக்கலாம்; மேலும் கீழும் திடமான துணி இருந்து, தையல் வரிசை நெருக்கமாக விழுந்தால் அது தாங்கும்.

தேர்ந்தெடுத்த புடவையில் ஃபால்ஸ் இருந்தால் பிரித்துவிட்டு, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். பாட்டி காலத்து நூல் புடவை என்றால் கஞ்சி போட்டே மடித்து வைத்திருப்பார்கள். கஞ்சி இருக்கிற துணியில் ஊசி ஏறாது, ராமபாணப் பூச்சிக்கும் அதுதான் சாப்பாடு. காலையில் வெந்நீரில் ஒரு தரம் அலசினால் போய்விடும். சாயம் போகுமா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியால் கரையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும்தான் ஏமாற்றும். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் புடவையை மற்றதோடு சேர்க்காமல் தனியாகவே ஒரு போர்வையாக்கிவிடுங்கள். மஞ்சள் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். சோப்புப் பட்டதும் அது சிவக்கும், பார்க்கப் பதறும். அலசினால் மறுபடி மஞ்சளாகும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். மஞ்சளின் நிறத்தை வெளிச்சமே சிதைத்துவிடுவதுதான் காரணம். டிரங்குப் பெட்டியின் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் உதவும், ஆனால் அது வெள்ளைத் துணியில் நிச்சயம். சாயத்துணியில் கறையோடு சாயமும் வெளுக்கலாம். போகவே போகாதது வாழைக்கறை. கொல்லையில் வாழை இருக்கும், காலையில் சருகு அறுப்பீர்கள், அதே கையோடு துணியை எடுப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். தோட்டத்துக்கு ஒரு பழைய நைட்டி, தையலுக்கு வேறு உடை.

உலர்த்துவதிலும் ஒரு சூட்சுமம். உச்சி வெயில் சாயத்தைத் தின்னும். உள்பக்கம் வெளியே தெரிய, கொடியில் நீளவாக்கில் போடுங்கள். மெல்லிய நூல் புடவைக்குப் பங்குனியில் இரண்டு மணி நேரம் தாராளம். கடலோரம் போகப் போக, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில், போர் தண்ணீர் உப்பாக இருக்கும், அதில் சோப்பு நுரைக்காது, துணியில் சாம்பல் மாதிரி படிந்துவிடும். உங்கள் வீட்டுத் தண்ணீரில் நுரை எப்படி வருகிறது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கும் அந்தத் தகவல் தேவைப்படும்.

பஞ்சு வேண்டுமா என்ற கேள்விக்குத் தயங்காமல் சொல்வேன்: வேண்டாம். வெளிநாட்டுப் போர்வையில் நடுவே பஞ்சுத் தகடு இருப்பது குளிருக்கு. நம் மார்கழிக்கு மூன்று அடுக்கு நூல் துணியே மிஞ்சிப்போகும். பழைய துணிகளை அடுக்கி நேர்த்தையல் போட்டே போர்வையாக்குவது நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. வங்காளத்தில் காந்தா, வட கர்நாடகத்தில் கௌதி, மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தின் சித்தி சமூகப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போகும் கவண்டி. டெல்டாவில் அதற்கென்று தனியாக ஒரு கலைப்பெயர் வைத்துக் கொண்டாடியதாக நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் பழைய வேட்டியையும் புடவையையும் மடித்துத் தைத்துப் போடுவோம், அவ்வளவுதான். ஆனால் துணிமேல் துணி வைத்துத் தைக்கிற நுட்பம் நமக்குப் புதிதில்லை. பங்குனியில் ஓடும் திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்று சொல்லும் அந்தத் தேரைச் சுற்றித் தொங்குகிற தொம்பைகளும் (உருளை வடிவத் துணித் தொங்கல்கள்) சீலைகளும், சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளை உருவமாக வெட்டி, ஓரத்தை மடித்து ஒட்டித் தைத்தவை. உங்கள் புடவையில் ஓட்டை இருந்தால் அந்த முறைதான் கைகொடுக்கும். ஓட்டையை விடச் சுற்றிலும் இரண்டு விரல் பெரியதாக ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து நகத்தால் கீறி, ஹெம்மிங் மாதிரி சுற்றித் தைத்துவிடுங்கள். தேர் வேலையில் வருகிற வட்டம், சக்கரம் மாதிரி வெட்டினால் ஒட்டு என்றே தெரியாது, வேண்டுமென்று வைத்த வேலைப்பாடு மாதிரி இருக்கும்.

முதல் போர்வைக்குத் துண்டுகளை இணைக்கிற வேலையில் இறங்காதீர்கள். முழுப் புடவை ஒன்றே போதும். கணக்கைப் பாருங்கள்: ஆறு கஜப் புடவை ஐந்தரை மீட்டர் நீளம், 45 அங்குலம் சொச்சம் அகலம். அதை விசிறி மடிப்பாக மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலமுமாக, மூன்று அடுக்குப் போர்வை தயாராகிவிடும். வெட்டவே வேண்டாம். பாட்டி ஒன்பது கஜம் கட்டியவர் என்றால் நாலாக மடியுங்கள், ஆறரை அடி வரும். இதில் இன்னொரு லாபம், நீளவாக்கில் இரண்டு பக்கமும் புடவைக் கரையே ஓரமாக அமைந்துவிடும். பிரிகிற ஓரம் என்று இருப்பது முந்தானை முனையும் உள்முனையும் மட்டும்தான். அந்த இரண்டையும் ஒரு விரல் உள்ளே மடித்துத் தைத்தால் போர்வைக்கு ஓரம் கட்டுகிற வேலையே முடிந்தது. குழந்தைக்கு என்றால் பாதிப் புடவையை மூன்றாக மடித்தால் மூன்றடிக்கு நாலடி. துண்டு இணைப்பு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அளவு பிசகாமல் வெட்டவும், வெவ்வேறு வயதுத் துணிகளை ஒன்றோடொன்று சண்டை போடாமல் சேர்க்கவும் கை பழக வேண்டும். அது மூன்றாவது, நாலாவது போர்வைக்கு.

காய்ந்த புடவையைத் தரையில் விரியுங்கள். மடித்த அடுக்குகளை நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தேய்த்து விட்டால் சுருக்கம் ஓரத்துக்குப் போய்விடும். நாலு மூலைக்கும் பாரம் வையுங்கள், அம்மிக் குழவி ஒன்று, மற்றதற்குப் பருப்பு டப்பா. இப்போது உடனே தைக்க உட்காரத் தோன்றும். உட்காராதீர்கள். முதலில் நூலோட்ட வேண்டும்: வேறு நிற நூலில், ஒரு சாண் இடைவெளியில், பெரிய பெரிய தையலாக நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் ஓட்டிக்கொண்டு போங்கள். தேய்ந்த நூல் துணி வழுக்கும்; நூலோட்டாமல் தைத்தால் கடைசி வரிசைக்கு வரும்போது மேலடுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருக்கும், நடுவில் பை கட்டியிருக்கும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அலுப்பாக இருக்கும். இதை விட்டுவிட்டு நல்ல போர்வை தைத்தவர் யாரையும் நான் அறியேன்.

தையல் நேர்த்தையல்தான், ஊசி மேலும் கீழும் போய் வருவது. ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்காதீர்கள், சிக்கும். நூலை மெழுகுவத்தியில் ஒரு தடவை இழுத்தெடுத்தால் சிக்கல் பாதியாகும். நடு வரிசையை முதலில் தைத்துவிட்டு, அதன் இரு பக்கமும் மாறி மாறிப் போங்கள். ஊசியில் மூன்று நாலு மடிப்பாகத் துணியை ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்கலாம், ஆனால் இழுத்த பிறகு தையல் வரிசையை விரலால் நீவிவிட வேண்டும். நீவாமல் விட்டால் துணி சுருங்கி அலை அலையாகும். அந்த அலை கொஞ்சமாக இருந்தால் அழகு. காந்தாவில் அதுதான் அழகே. அதிகமானால் ஆறடிப் போர்வை ஐந்தடியாகிவிடும். கட்டம் போட்ட புடவையாக இருந்தால் கோடு கிழிக்கிற வேலை மிச்சம், கட்டத்தின் இழையைப் பிடித்துக்கொண்டே போகலாம். இரண்டு அங்குல இடைவெளி வைத்தால் 45 அங்குலத்துக்கு 22 வரிசை வரும். புதுக் கைக்கு ஆறடி வரிசை ஒன்றுக்கு அரைமணி. மொத்தம் 11 மணி நேரம். ஆக, வீடியோவில் காட்டுகிற மாதிரி ஒரே நாளில் போர்வை முடியாது. நாலரை மணிக்கு எழுந்திருக்கும்போது ஐந்து வரிசை முடிந்திருந்தால் நன்றாகவே தைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மிதி மெஷினில் போடலாமா என்றால், போடலாம். தையல் நீளத்தைப் பெரியதாக வைத்து, நூலோட்டத்தை இன்னும் நெருக்கமாகப் போட வேண்டும். நைந்த துணிக்கு மட்டும் வேண்டாம், மெஷின் ஊசி நெருக்கமாகக் குத்துகிற இடத்திலேயே அது கிழிய ஆரம்பிக்கும்.

இனித் தோட்டம். கேரட் வேண்டாம். அதற்குக் குளிர் வேண்டும், நம் மார்கழியிலேயே அது சுமாராகத்தான் வரும். தக்காளியும் இப்போது வேண்டாம். இன்று விதைத்தால் பூக்கிற நேரம் மே மாதம், அக்னி நட்சத்திரம். பகல் சூட்டில் மகரந்தம் கெட்டு, ராத்திரியும் சூடு தணியாததால், பூ பூவாகவே உதிரும். செடி பச்சைப் பசேலென்று நிற்கும், காய் இருக்காது. அவரை? கொடியவரை பகல் குறுகிய காலத்தில் பூக்கிற ஜாதி, ஆடியில் போட்டுத் தையில் பறிக்க வேண்டியது. இப்போது போடக்கூடியவை வெண்டை, கொத்தவரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை. தண்ணீர் தாராளமாக இருந்தால் பாகல். இதில் முதல் இடம் கீரைக்குத்தான்: முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம், அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வெண்டை விதையைப் புடவையோடு சேர்ந்தே ராத்திரி ஊறவைத்துவிடுங்கள், தனிக் கிண்ணத்தில்தான். ஒன்றரை அடி வரிசை, செடிக்குச் செடி ஓரடி. ஒன்றரை மாதத்தில் முதல் காய். வெயில் காலத்தில் வெண்டைக்கு வருகிற பெரிய தொல்லை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிற வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புவது அது. வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி. ஈயைக் குறைக்க மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்புறம் படும்படி தெளிக்கலாம். தெளிப்பது மாலையில் மட்டும். வெயிலில் தெளித்தால் இலையும் பொசுங்கும், மருந்தின் வீரியமும் போய்விடும்.

மண்ணைப் பார்க்காமல் ஒரு அளவுக்கு மேல் சொல்ல முடியாது. மன்னார்குடியிலிருந்து கிழக்கே போகப் போகக் களி, மேற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போனால் செம்மண் கலப்பு. நடுவில் இருக்கிற உங்கள் கொல்லை எதைச் சேர்ந்தது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை ஈரமாக்கி உருட்டி, புழுப்போல் நீட்டிப் பாருங்கள். உடையாமல் நீண்டால் களி. களி என்றால் இப்போது பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் ஊற்றினால் நேராக அடிக்குப் போய்விடும், வேருக்கு நிற்காது. மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடி, தொழுவுரம் கலந்து, பாத்தியைச் சின்னதாகப் போடுங்கள். தண்ணீர் காலையில், வேரடியில். உப்புத் தண்ணீராக இருந்தால் இலைமேல் தெளிக்கவே கூடாது, உலர்ந்த உப்பு இலை ஓரத்தைக் கருக்கிவிடும்.

மூடாக்குத்தான் பங்குனித் தோட்டத்தின் பாதி வேலை. சம்பா வைக்கோல், வாழைச் சருகு, உதிர்ந்த வேப்பிலை, எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்குச் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விட்டு. வறண்ட நாளில் வைக்கோலுக்குக் கறையான் வரும். ஆகவே வீட்டுச் சுவரோரமும், துணிப் பெட்டி இருக்கிற அறையின் வெளிப்பக்கமும் மூடாக்குப் போட வேண்டாம். மல்லிகையை இப்போது வெட்டாதீர்கள், கவாத்து கார்த்திகையில். மொட்டை மட்டும் விடிகாலையில், விரிவதற்கு முன்னால் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மாலை தொடுக்கலாம். வேப்பம்பூ உதிர்கிற இடத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள், வருஷத்துக்கு ரசத்துக்கும் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் ஆகும். சேனைக்குக் குழி எடுத்து ஆறப்போடவும் இது சரியான நேரம், சித்திரையில் நடலாம்.

நான் உறுதியாகச் சொல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி வராது என்பார்கள். நானும் போடுகிறேன், ஆனால் துணியைக் காப்பாற்றுவது வேப்பிலையை விட, கஞ்சி இல்லாமல் நன்றாகக் காய்ந்த துணியும், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பெட்டியைத் திறந்து உதறுவதும்தான் என்பது என் எண்ணம். வெயிலில் போட்டால் மூட்டைப்பூச்சி செத்துவிடும் என்பதும் பாதிதான்: பூஞ்சை வாடை போகும், மடிப்புக்குள் இருக்கிற முட்டைக்கு அந்தச் சூடு எட்டுமா என்பது மடிப்பின் கனத்தைப் பொறுத்தது. பாலியெஸ்டர் நூல் பழைய துணியை அறுக்கும் என்று ஒரு கட்சி, அறுக்காது என்று இன்னொரு கட்சி. நான் பருத்தி நூல் கட்சி, காரணம் எளிது: இழுபடும்போது இரண்டில் ஒன்று போகத்தான் வேண்டும் என்றால், துணி கிழிவதை விட நூல் அறுவது பரவாயில்லை, மறுபடி தைத்துக்கொள்ளலாம். வளர்பிறை பார்த்து விதைப்பது உங்கள் விருப்பம். முளைப்பதை நிர்ணயிப்பது பழைய விதையா புது விதையா என்பது.

குழந்தைக்குத் தைப்பதாக இருந்தால் ஒன்றே ஒன்று கறாராகச் சொல்வேன். ஒரு வயது ஆகும் வரை இதைக் கீழே விரிக்க மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் சுருக்கம் இல்லாமல் இழுத்து விரித்து. தூங்கும் குழந்தைமேல் தளர்வாகப் போர்த்துவது, முகத்தை மூடிக்கொள்கிற அபாயம் உள்ளது என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிற விஷயம். ஒட்டுத்துண்டில் பட்டன், மணி, ஜரிகை எதுவும் வேண்டாம்.

மிச்சமிருக்கும் 17 வரிசையை நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் சித்திரை நடுவில் முடிந்துவிடும். முடிந்ததும் நூலோட்டிய நூலை உருவிவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் அலசி, கொடியில் தொங்கவிடாமல், மாடியிலோ களத்திலோ பாய் விரித்து அதன்மேல் படுக்கவைத்துக் காயப்போடுங்கள். ஈரத்தில் மூன்று அடுக்கின் கனமும் தையலை இழுக்கும். இரண்டாவது போர்வை தைப்பதானால் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அடுக்குத் துணி மூன்று நாளானாலும் காயாது, வாடை ஏறிவிடும். தக்காளி நாற்று எப்போது விடுவது என்று கேட்பீர்கள். ஆடியில் கத்தரி, அவரையோடு சேர்த்து விடலாம், ஆனால் அது மழையில் அடிபடும். கார்த்திகைக் கடைசியில், கனமழை ஓய்ந்தபின் விடுகிற நாற்றுதான் நம் மண்ணில் நிதானமாகக் காய்க்கும்.